கருஞ்சிறுத்தை வாங்கிய சகலை

ஜூன் 4, புதன்

மாத்திரை காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு இரண்டு. எழுதி வைத்தால்தான் எனக்கு நினைவிருக்கும் என்று என் பெண்டாட்டி கலாமணி இந்த டைரியைக் கையில் கொடுத்துவிட்டு ஜவுளிக்கடை பில்லிங் வேலைக்குக் கிளம்பிப் போனாள். ஒரு லேத் பட்டறைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாகக் காலியாகக் கிடந்தது.

இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். ஒண்டிப்புதூர் திருப்பத்தில் மணலில் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. பதினெட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், நடக்கிற வேகத்தில் போய் விழுந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆறு வாரத்துக்குக் காலை ஊன்றக் கூடாது.

வேலை இல்லை. இருப்பது கியர் கிங் மட்டும்தான். செல்போனில் ஆடும் கார் பந்தயம். இரண்டு வருஷமாக ஆடுகிறேன். கோவை மாவட்டப் பட்டியலில் நான்காவது இடம். ‘நொய்யல் ரேசர்ஸ்’ என்ற எங்கள் கிளப்பில் இருபத்து மூன்று பேர்; நான்தான் தலைவர். இதுவரை அந்த விளையாட்டில் நான் ஒரு ரூபாய் போட்டதில்லை. என் கராஜில் நிற்கிற ஒவ்வொரு வண்டியும் ஓட்டிச் சம்பாதித்தது. வேறு எத்தனை பேர் அப்படிச் சொல்ல முடியும்?

ஜூன் 7, சனி

மாத்திரை போட்டாயிற்று.

இன்று காலை விளையாட்டில் புது அப்டேட் வந்தது. நெஞ்சு எரிகிறது.

கியர் கிங்கில் இரண்டு வகைப் பணம். ஜெயித்தால் தங்கக் காசு கிடைக்கும். நிஜப் பணம் கொடுத்தால் சிவப்புக் கல் கிடைக்கும். ஐந்து ரேஸ் ஓட்டினால் பெட்ரோல் தீர்ந்துவிடும்; இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கல் கொடுக்க வேண்டும். இன்ஜினை மாற்றினால் வண்டி எட்டு மணி நேரம் பட்டறையில் நிற்கும், இல்லையென்றால் கல். இத்தனையையும் பொறுத்துக்கொண்டுதான் ஆடினேன். கருஞ்சிறுத்தை என்ற கார் எட்டு லட்சம் காசு. பதினோரு மாதமாகச் சேர்த்து ஏழு லட்சத்து நாற்பதாயிரம் வந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் போதும்.

காலையில் திறந்து பார்த்தால் அதே கார் பதினான்கு லட்சம். கீழே சிவப்பாக ஒரு பட்டன் மினுக்குகிறது: ‘காத்திருக்க வேண்டாம், இப்போதே ஓட்டுங்கள்.’

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றியாம்.

ஜூன் 8, ஞாயிறு

சகலை கௌரிசங்கர் குடும்பத்தோடு வந்து போனார். கலாமணியின் தங்கை பூங்கொடியின் வீட்டுக்காரர். என்னைவிட ஆறு வயது இளையவர். சிங்காநல்லூரில் ஒன்றும் பீளமேட்டில் ஒன்றுமாக இரண்டு பேக்கரி. வரும்போதே தேங்காய் பன், பப்ஸ், கேக் என்று அரை மேஜையை நிரப்பிவிட்டார். நோயாளிக்கு எதற்கு இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கலாமணி முதல் ஆளாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங் சகலை, நானும் இதைப் போட்டுக்கறனே. உங்க கிளப்புல சேத்துக்குவீங்களா?”

“அதுக்கு லெவல் நாப்பது வண்டி வேணுங்க. நான் போட்ட ரூல். சும்மா வர்றவங்களையெல்லாம் சேத்தறதில்லை.”

“நாப்பதுக்கு எத்தனை நாள் ஆகும்?”

“எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.”

“அம்மாடியோவ்!” என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் முகம் போன போக்கைப் பார்க்கக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

மூன்றே நாள்.

மத்தியானம் மெசேஜ் வந்தது. “சகலை, லெவல் நாப்பத்திரண்டு. இப்ப சேத்துக்கறீங்களா?” கூடவே ஒரு படம். கருஞ்சிறுத்தை. கறுப்பு உடம்பு, முன் விளக்கு மஞ்சளாக, பின்னால் தீப்பொறி பறக்கிறது. பதினோரு மாதமாக நான் கடைக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வண்டி.

ரூல் ரூல்தான். சேர்த்துக்கொண்டேன்.

மதிய மாத்திரையை மறந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தையல் பிரிக்கிற நாள் நாளைக்கு என்றார்கள். டாக்டர் ஊருக்குப் போவதால் இன்றைக்கே வரச்சொன்னார். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். கலாமணி அதற்குள் தங்கை வீட்டுக்குப் போன் செய்துவிட்டாள். சகலை கடையை ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காரோடு வந்து நின்றார்.

பின் சீட்டில் காலை நீட்டி நான். முன் சீட்டில் கலாமணி. முட்டை பப்ஸில் முட்டை இல்லை என்று சண்டைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், பாதி பப்ஸைத் தின்ற பிறகு கண்டுபிடித்த முட்டையைப் பற்றி சகலை கதை சொல்ல, இவள் டாஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே வந்தேன். என் கால் வலியால் வீட்டில் சிரிக்கிற சூழல் இல்லை. அவ்வளவுதான்.

திருச்சி ரோட்டில் அத்தனை குழியிலும் என் கால் ஒருமுறைகூட அதிரவில்லை. சிக்னலில் நிற்கும்போது நின்றதே தெரியவில்லை. தூரத்திலேயே பிரேக்கில் கால் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துகிறார். ஆட்டோமேட்டிக் வண்டி, புது சஸ்பென்ஷன். யார் ஓட்டினாலும் அப்படித்தான் போகும்.

ஜூன் 18, புதன்

கிளப்புக்குள் வாராந்திரப் பந்தயம். சகலை முதலிடம். நான் இரண்டாவது. இரண்டு வருஷத்தில் இந்தக் கிளப்பில் நான் இரண்டாவது வந்ததில்லை.

சூலூர் ஜெகன் குரூப்பில் போட்டிருக்கிறான்: “தலைவரே, உங்க சகலை பின்றாரு!” கூடவே எட்டுப் பேர் கைதட்டல் பொம்மை. எனக்கு வாழ்த்துச் சொல்ல இவர்களுக்கு இத்தனை விரல் எப்போதும் இருந்ததில்லை.

அவர் வண்டி என் வண்டியைவிட நேர் ரோட்டில் மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டர் வேகம் கூட. ஒரு குழந்தை கையில் கொடுத்தாலும் ஜெயிக்கும்.

ஜூன் 19, வியாழன்

சகலையோடு பத்து ரேஸ். எட்டில் தோல்வி. இரண்டு முறை பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

கிளப்பில் புது ரூல் போட்டேன். சொந்த உழைப்பில் வண்டி சேர்த்தவர்களுக்கு மட்டுமே இங்கே இடம்; காசு கொடுத்து வாங்கியவர்கள் நீக்கப்படுவார்கள். நன்றாக யோசித்து, பொதுவாகத்தான் எழுதினேன். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. பிறகு சகலையை நீக்கினேன்.

காசு கொடுத்து வாங்கிய வேறு நாலு பேர் கிளப்பில் இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் சின்னச் சின்ன சாமான் வாங்கியவர்கள். அது வேறு விஷயம்.

சகலையிடமிருந்து தனியாக மெசேஜ்: “பரவால்லீங்க சகலை. ரூல்னா ரூல்தான். கால் எப்படி இருக்குதுங்?”

பதில் போடவில்லை. கோபப்பட்டிருந்தால் போட்டிருப்பேன்.

ஜூன் 23, திங்கள்

பூங்கொடி போன் செய்திருக்கிறாள். கலாமணி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு எதிரே நின்றாள்.

“ஏனுங்க, அவரை எதுலயோ தூக்கிப் போட்டுட்டீங்களாமா?”

“விளையாட்டு விஷயம். உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரிய வேண்டாம். எந்தங்கச்சி அழுவுறா. ‘மாமாவுக்கு எங்களைக் கண்டா ஆவலையாக்கா’ன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?”

“அவரு காசு குடுத்து காரு வாங்கி எங்களையெல்லாம் தோக்கடிக்கறாரு. அது அநியாயமில்லையா?”

“எந்தக் காரு? எங்க நிக்குது?”

போனைக் காட்டினேன். பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். ராத்திரி தட்டை வைத்தாள், தண்ணீர் வைத்தாள், ஒரு வார்த்தை இல்லை.

அக்காவும் தங்கையும் சேர்ந்து அந்த மனுஷனைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுவார்களா என்று ஒரு கேள்வி வந்தது. அதை எழுதாமலே விட்டிருக்கலாம்.

ஜூன் 25, புதன்

இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். கலாமணி இந்த டைரியைப் படிப்பதில்லை, மாத்திரைக் கணக்கு மட்டும்தான் பார்ப்பாள். எழுதுகிறேன்.

மத்தியானம் வீட்டில் யாருமில்லை. விளையாட்டில் ‘அதிர்ஷ்டப் பெட்டி’ என்று ஒன்று வந்திருந்தது. பெட்டிக்குள் கருஞ்சிறுத்தை இருக்கலாம். பெட்டியைத் திறக்க சிவப்புக் கல் வேண்டும். ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்று வாங்கினேன். ஸ்டிக்கர் வந்தது. இரண்டாவதில் ஹாரன் சத்தம். மூன்றாவதில் அதே ஸ்டிக்கர். ‘அடடா, மயிரிழையில் தவறியது!’ என்று திரையில் வந்தது. பெட்டிக்குள் சக்கரம் சுற்றும்போது கருஞ்சிறுத்தையின் படம் வந்து, நின்றுவிடப் போகிற மாதிரி நடுங்கி, அடுத்த கட்டத்துக்குப் போனது. ஒவ்வொரு முறையும் அப்படியே நடுங்கியது. அது நடுங்கும் விதம் ஒன்றுபோலவே இருப்பது பன்னிரண்டாவது பெட்டியில்தான் உறைத்தது. பதினைந்தில் நிறுத்தினேன்.

கரண்ட் பில்லுக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது. கராஜில் பதினோரு ஸ்டிக்கர், மூன்று ஹாரன், ஒரு பச்சை நிறச் சக்கரம்.

என் ரூலின்படி நான் கிளப்பில் இருக்கக் கூடாது. ஆனால் எனக்குக் கார் எதுவும் கிடைக்கவில்லையே.

ஜூன் 28, சனி

பீளமேட்டில் ஒரு மாலில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரடிப் போட்டி வைக்கிறார்கள். அறிவிப்பை மூன்று முறை படித்தேன். எல்லோருக்கும் ஒரே வண்டி. விளையாட்டைத் தொடங்கும்போது சும்மா கொடுப்பார்களே, சிட்டு என்ற சின்ன வண்டி, அதுதான். போனும் அவர்களே தருவார்கள். கல் இல்லை, காசு இல்லை, இன்ஜின் மாற்றுவது இல்லை. ஓட்டத் தெரிந்தவன் ஜெயிப்பான்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பசித்தது. இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டேன். கலாமணி பேசாமல் சுட்டுப் போட்டாள்.

சகலைக்கு நானே மெசேஜ் அனுப்பினேன். “அடுத்த ஞாயிறு போட்டி. எல்லாருக்கும் சிட்டுதான். வர்றீங்களா?” ‘சிட்டுதான்’ என்பதை அழுத்தமாகத்தான் எழுதினேன்.

“வர்றனுங்க. ஆனா ஊன்றுகோலோட நீங்க எப்படி வருவீங்க? நான் வந்து கூட்டிட்டுப் போறன்.”

ஜூலை 2, புதன்

எக்ஸ்ரே பார்த்து, எலும்பு கூடி வருகிறது என்றார்கள். இந்த முறை ஆட்டோவில்தான் போனோம். கால் வலித்தது.

சிட்டுவில் பழகப் போய் இரண்டு ரேஸ் ஓட்டினேன். இந்த டப்பா வண்டியில் பழக என்ன இருக்கிறது? டிரைவிங் ஸ்கூலில் ஆயிரம் பேரை ஸ்டியரிங் பிடிக்க வைத்தவன் நான்.

ஜூலை 6, ஞாயிறு

விடியற்காலையிலேயே முழித்துவிட்டேன். கலாமணியே என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பேச்சு வந்தது: “போற எடத்துல அவருகிட்ட மொறைச்சுட்டு இருக்காதீங்க.”

சகலை ஒன்பது மணிக்கு வந்தார். பின் சீட்டில் எனக்கு ஒரு தலையணை போட்டிருந்தார். வழி முழுக்க அவர்தான் பேசினார். நான் ‘ம்’ கொட்டினேன்.

மாலின் மூன்றாவது மாடியில் பெரிய திரை, வரிசையாக நாற்காலிகள். எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள், பாதிக்குமேல் காலேஜ் பிள்ளைகள். ஊன்றுகோலோடு வந்தது நான் ஒருவன்தான். சூலூர் ஜெகனும் வந்திருந்தான். “தலைவரே, இன்னைக்கு யாருன்னு காட்டீருங்க” என்றான். முதல் சுற்றில் தனித்தனியாக ஓட்ட வேண்டும். நேரம் குறைந்த எட்டுப் பேர் கடைசிச் சுற்றுக்கு. நான் ஏழாவதாக உள்ளே நுழைந்தேன். சகலை மூன்றாவது. முதல் சுற்றுதானே, கை சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிச் சுற்றில் எட்டுச் சிட்டுகள், ஐந்து ஒற்றை நிறத்தில், மற்ற மூன்று கோடு போட்டவை. எனது மஞ்சள். சகலையுடையது நீலம். மலைப்பாதை, மூன்று சுற்று. கிளம்பும்போது நான்தான் அவருக்கு முன்னால். நேர் ரோட்டில் இரண்டும் ஒரே வேகம். எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷம்! இப்போது தெரியும், இப்போது தெரியும் என்று மனது அடித்துக்கொண்டது.

கொண்டை ஊசி வளைவு வந்தது. நான் கடைசி நொடி வரைக்கும் வேகத்தை விடாமல் போய் பிரேக் அடித்தேன். வண்டி வெளிப்பக்கம் அகன்று போயிற்று. நீலச் சிட்டு முன்கூட்டியே நிதானித்து, உள்பக்கமாக ஒரு நூல் இழுத்தது போல வளைந்து என்னைத் தாண்டியது. இரண்டாவது சுற்றில் பிடித்துவிடலாம் என்று இன்னும் தாமதமாக பிரேக் அடித்தேன். பாறையில் முட்டினேன். மூன்றாவது சுற்றில் நீலம் என் திரையிலேயே இல்லை.

வெள்ளலூரிலிருந்து வந்த ஒரு காலேஜ் பெண் முதலிடம். சகலை இரண்டாவது. நான் எட்டில் எட்டாவது.

ஜெகன் என் பக்கம் வரவில்லை. அவனும் என்னதான் சொல்வான்?

கால் வலித்தது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். விளையாடுவது விரலால். விரலில் ஒன்றும் இல்லை. போன் பழக்கமில்லாத போன் என்று சொல்லலாம். எட்டுப் பேருக்கும் அதே போன். ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.

பெரிய திரையில் மறுபடி ரேஸைப் போட்டுக் காட்டினார்கள். நீலச் சிட்டு வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கில் கை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவது தெரிந்தது. திருச்சி ரோட்டில் சிக்னலுக்கு நிறுத்துகிற அதே மாதிரி. என்னிடம் ஒருவர் அப்படி ஓட்டிக் காட்டினால், முதல் வாரத்திலேயே லைசென்ஸுக்கு எட்டுப் போடக் கூட்டிப் போவேன்.

இறங்கி வரும்போது லிப்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். மேடையில் கொடுத்த கேடயத்தை அவர் பைக்குள் வைத்து மூடிவிட்டிருந்தார்.

காரில் ஏறியதும் கேட்டேன். “எப்பப் பழகினீங்க?”

“மாவு பெசஞ்சு வெச்சுட்டு ஓவன் சூடேற வரைக்கும் சும்மாதானுங்க உக்காந்திருக்கறது. கருஞ்சிறுத்தைய வாங்கின மொத நாளு செவுத்துலயே முட்டிட்டுக் கெடந்தேன். வாங்கிட்டா ஓட்டத் தெரிஞ்சுருமா? அப்பறம் சிட்டுலதான் தெனமும் பழகினன்.”

“அப்ப எதுக்குங்க அத்தனை காசு குடுத்து வாங்கினீங்க?”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “நீங்கதானுங்களே நாப்பது லெவல் இல்லாம சேத்த மாட்டேன்னீங்க. ஒன்றரை வருஷம் நான் எங்க போறது? உங்க கால் ஆறுறதுக்குள்ள, கூட உக்காந்து ஆடலாம்னு பாத்தேன். வீட்டுக்கு வந்தா நீங்க எங்கிட்டப் பேசறதே இல்லீங்களே.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 7, திங்கள்

மாத்திரை நேற்றோடு முடிந்துவிட்டது. டைரிக்கு இனிமேல் வேலை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்கு அவர் வண்டிமேல் பொறாமை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வண்டிமேல் பொறாமைப்படுவது சுலபம்; கம்பெனியைத் திட்டினால் போதும். கம்பெனி செய்வது கொள்ளைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கொள்ளை எனக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது. தோற்கிற ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன். நேற்று முன்னால் நிறுத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

எனக்கு அந்த மனுஷன்மேல் பொறாமை. அவர் கை நிதானத்தின்மேல். என் பெண்டாட்டி சிரித்த சிரிப்பின்மேல். நான் நீக்கிய பிறகும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க முடிகிறதே, அதன்மேல் எல்லாவற்றையும்விட.

சாயங்காலம் கலாமணியிடம் கரண்ட் பில் பணத்தைப் பற்றிச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

“என்ன வாங்குனீங்க?”

“ஸ்டிக்கர்.”

“காட்டுங்க.”

பதினொன்றையும் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “இதுல ரெண்டுதான் வேற வேற. மிச்சமெல்லாம் ஒண்ணேதான்” என்றாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளே அவள் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில் ஒரு முறை வெடித்துக் கேட்டது. சிரிப்புதான்.

ஜூலை 8, செவ்வாய்

கிளப் குரூப்பில் எழுதினேன். “நானும் காசு கொடுத்துப் பெட்டி வாங்கினேன். நான் போட்ட ரூலை நானே மீறிவிட்டேன். இரண்டு ரூலையும் எடுத்துவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் எந்த வண்டியோடும் வரலாம். தலைவர் வேறு யாரையாவது வையுங்கள்.”

அரை மணி நேரம் கழித்து ஜெகன்: “என்னென்ன வந்துச்சு தலைவரே?” ஹாரன் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன்.

பூங்கொடிக்குப் போன் செய்தேன். “தப்பு எம்மேலதான் கண்ணு” என்றேன். “எனக்கு அந்த வெளையாட்டே என்னன்னு தெரியாது மாமா. ஞாயித்துக்கெழமை வர்றோம், கோழி எடுத்து வெக்கச் சொல்லுங்க” என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஊன்றுகோல் ஒன்று போதும் என்றாகிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து ஸ்கூலில் உட்கார்ந்து தியரி வகுப்பு எடுக்கலாம்.

வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அக்காவும் தங்கையும் பின்கட்டில் பேச உட்கார்ந்துவிட்டார்கள். சகலையும் நானும் முன் அறையில், ஆளுக்கொரு போனோடு. இரண்டு பேரும் சிட்டுதான்; சிட்டுக்கு மட்டும் பெட்ரோல் கணக்கு கிடையாது. பத்து ரேஸ். அவர் ஏழு, நான் மூன்று. அந்த மூன்றில் எதையாவது விட்டுக்கொடுத்தாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்து ரேஸில் தோற்றபோது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. அது நிஜத் தோல்வி.

“ஏனுங் சகலை, அந்தப் பாலத்து முக்குல மட்டும் எப்படி அத்தனை வெசையா வெளிய வர்றீங்க? எனக்கு வண்டி இழுத்துட்டுப் போயிருதே.”

எனக்குள் சட்டென்று ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. இத்தனை நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் வித்தை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. அவர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

பாலத்துக்கு முன்னால் இருக்கும் மைல் கல்லிலேயே ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். நாலைந்து முறை ஓட்டிப் பார்த்து, சரியாக வந்ததும் சின்னப் பையன் மாதிரி தொடையில் தட்டிக்கொண்டார்.

திருப்பும்போதே ஆக்ஸிலரேட்டரை ஒரு நொடி விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம்.